தமயந்தி சொல்ல வந்தது

டாக்டர், எனக்குத் திடீர் திடீர்னு பேச்சு நின்னுபோகுது. இவ்வளவுதான் வாக்கியம். இதைச் சொல்ல ஒரு மனுஷிக்கு என்ன கேடு? கிளினிக் நாற்காலியில் வந்து உட்கார்ந்ததிலிருந்து தமயந்தி இதையே வாய்க்குள் போட்டு மென்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் வீட்டுக்காரர் குணசீலன், மடியில் அவளுடைய ரிப்போர்ட் ஃபைல், காதில் செல்போன், யாரோ ஒரு கஸ்டமரிடம் உங்க போருக்கு ஒன்றரை ஹெச்பி தாராளம் என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். மோட்டார் பம்புக் கடை வைத்திருக்கிற மனுஷர், திருச்சியில் பாதிப் பேர் வீட்டுத் தண்ணீர் இவர் வாயால்தான் மேலே ஏறுகிறது. ஃபைல் அவரிடம்தான் இருக்கும். எப்போதுமே அப்படித்தான், உடம்பு இவளுடையது, ஃபைல் அவருடையது. உள்ளே போனால் மேஜைக்கு எதிரே இருக்கிற குஷன் நாற்காலியில் அவர் உட்காருவார், ஓரத்து ஸ்டூலில் இவள் உட்காருவாள், டாக்டர் பிடிப்பது இவள் கையை, என்ன பண்ணுது என்று கேட்பது அவரை. இது இவர்கள் வீட்டு வழக்கம் மட்டுமா? எதிர் வரிசையில் ஒரு சின்னப் பெண் நெற்றியைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறாள், அவள் மாமியார் நர்ஸிடம், "இவளுக்கு ஒரே தலைவலிம்மா, தூங்கறதே இல்ல, எந்நேரமும் போனு" என்று புகார் மாதிரி ஒப்பிக்கிறாள். நர்ஸும் மாமியாரைப் பார்த்தே தலையாட்டுகிறாள். வலி எந்தத் தலையில் இருக்கிறதோ அந்தத் தலையை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூட வந்தவர்தான் பேசணும் என்று எந்தப் புண்ணியவான் சட்டம் போட்டானோ தெரியவில்லை, ஊரே அதைத் தலைமேல் வைத்துக்கொண்டு ஆடுகிறது.

வாக்கியம் சரியாக இருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்தாள். கூரியர் கம்பெனி ஒன்றின் கஸ்டமர் கேரில் புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு அவள்தான் டிரெய்னர். வருஷக்கணக்காக ஒரே பல்லவி: கண்ணுங்களா, முதல் வாக்கியத்துலயே விஷயம் வந்துடணும், ஊர்க்கதை எல்லாம் அப்புறம். ஆனால் போன் பண்ணுகிறவன் எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வருவானா? மேடம், எங்க மச்சினிக்குப் பரமக்குடியில வளைகாப்பு, நாங்க போக முடியல, ஏன்னா எங்க அம்மாவுக்குக் கால் வீங்கிப்போச்சு, என்று தொடங்கி, காலுக்கு என்ன எண்ணெய் தேய்த்தார்கள் என்பதையும் சொல்லி முடித்து, கடைசியில் ஒரு பார்சல் வந்து சேரவில்லை என்பதில் வந்து நிற்பான். அவனைத் திட்டாதீங்க, அவனுக்கு வளைகாப்புதான் பெருசு, அதுக்குள்ளேர்ந்து பார்சலை உருவி எடுக்கத்தான் உங்களுக்குச் சம்பளம் என்பாள். பிள்ளைகள் சிரிக்கும். நன்றாகத்தான் சொல்லித் தருகிறாள், அதில் பொய்யில்லை. தன் பார்சலைத்தான் உருவத் தெரியவில்லை. பேச்சு நின்னுபோகுது என்று சொன்னால் மட்டும் போதுமா, வலது கையும் தொப்பென்று விழுந்துவிடுகிறதே, அதை முதல் வாக்கியத்தில் சேர்ப்பதா அடுத்ததில் சேர்ப்பதா? கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிடுகிறது என்பதை எங்கே வைப்பது? அதை வாயால் சொன்னால் தீர்ந்தது. அதான் சரியாயிடுதுல்ல, அப்புறம் என்ன என்பார் இவர், டாக்டரும் ஆமாம் போடுவார். சொல்லாமல் விட்டால் மறைத்த மாதிரி ஆகும். சரி, கடைசியில் சொல்லணும், குரலை இறக்காமல் சொல்லணும். டாக்டர், எனக்குத் திடீர் திடீர்னு பேச்சு நின்னுபோகுது, அப்ப வலது கையும் விளங்காம போயிடுது. விளங்காம என்ற சொல் தானாக வந்து விழுந்தது. உடனே அதைத் தூக்கிக் கடாசினாள். கை மரத்துப்போகுது என்று மாற்றினாள். ஆனால் மரத்துப்போவது வேறு, இது வேறு. மரத்துப்போனால் ஊசி ஊசியாகக் குத்தும். இது, கையை யாரோ கழற்றி எடுத்துக்கொண்டு போன மாதிரி. ஏன்டி, உண்மையைச் சொல்லத்தானே இங்கே வந்திருக்கே, இங்கேயும் பூசி மெழுகணுமா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

முதல் தடவை வந்தபோது போனில் இருந்தாள். சென்னையில் வேலை பார்க்கிற மகள் இலக்கியா ஏதோ ஹாஸ்டல் சாப்பாட்டைத் திட்டிக்கொண்டிருந்தாள், இவள் பதில் சொல்ல வாயெடுத்தாள், வாய் எடுத்தது, வார்த்தை வரவில்லை. அம்மா? அம்மா? கேக்குதா? சே, சனியன் பிடிச்ச சிக்னல் என்று அவள் போனை வைத்துவிட்டாள். அப்பாவிடம் வேறு சொல்லிவிட்டாள் போல, அடுத்த நாளே குணசீலன் புது சிம் வாங்கி வந்து போட்டுக்கொடுத்தார். இப்ப பாரு, கண்ணாடி மாதிரி கேக்கும் என்றார். கேட்டது, கேட்காமல் என்ன? அவளுக்கே அப்போது சந்தேகமாகத்தான் இருந்தது, களைப்பாக இருக்கும், காலையிலிருந்து காபி குடிக்கவில்லை, இப்படி ஆயிரம் சமாதானம். அதற்கப்புறம் கிளாஸில் வந்தது. அது இதைவிடக் கேவலம். பேசறதுக்கு மட்டுமில்ல, நிறுத்தறதுக்கும் தெரியணும், விஷயத்தைச் சொல்லிட்டு சும்மா இருங்க, அது எதிராளி மண்டைக்குள்ள இறங்கட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்த வாக்கியம் வரவில்லை. மார்க்கர் பேனா கையிலிருந்து உருண்டு மேசைக்கு அடியில் போயிற்று. வாய் திறந்தது திறந்தபடி நின்றாள். பிள்ளைகள் மூச்சுவிடாமல் பார்த்தன. அப்புறம் முன் வரிசையில் ஒருத்தி கைதட்ட ஆரம்பித்தாள், கிளாஸே தட்டியது. செம்ம மேடம், நிறுத்திக் காமிச்சீங்க பாருங்க, புல்லரிச்சுப் போச்சு! அடப் பாவிகளா, நான் செத்துக்கொண்டிருக்கிறேன், நீங்கள் கை தட்டுகிறீர்களே என்று உள்ளே கத்தினாள். பேச்சு திரும்பி வந்ததும் அவள் வாயிலிருந்து விழுந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா? தேங்க்ஸ். வெட்கங்கெட்ட வாய். அந்த எரிச்சல் இப்போது நினைத்தாலும் காது மடல் வரைக்கும் ஏறுகிறது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். யாரோ பிள்ளைகள், எங்கேயோ இருக்கிற மகள். கண்ணெதிரே உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்த மனுஷருக்குத் தெரியவில்லையே, அதைத்தான் தாங்க முடியவில்லை. சட்னி இன்னும் கொஞ்சம் வை என்றார். கரண்டியோடு நின்றாள். காதுல விழலையா என்றார். விழுந்தது, நன்றாக விழுந்தது, சட்னி என்ற சொல்லும் அது எந்தக் கிண்ணத்தில் இருக்கிறது என்பதும் தெரிந்தது, கைதான் அவள் கையாக இல்லை. கரண்டி அவர் தட்டுக்குப் பக்கத்திலேயே டங்கென்று விழுந்தது. "இப்ப நான் என்ன கேட்டுட்டேன்னு இந்த ஆட்டம் ஆடறே?" என்று எழுந்து கை கழுவப் போய்விட்டார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது, இந்த வீட்டில் சண்டை என்றால் சத்தம் கிடையாது, பேச்சை விட்டுவிடுவதுதான் சண்டை. கல்யாணம் ஆன புதிதிலிருந்து அப்படித்தான். இவள் பேச்சை விடுவாள், பதிலுக்கு அவர் விடுவார், நடுவில் இலக்கியா, அப்பா உன்னைச் சாப்பிடச் சொன்னாரு, அம்மா உன்னைக் குளிக்கச் சொன்னா என்று தபால் கொண்டுபோவாள். அன்றைக்குக் காலையில்தான் அவர் தங்கை வீட்டுக்குப் போகிற விஷயத்தில் முணுமுணுப்பு வந்திருந்தது. ஆக, கோவம். வேறென்ன இருக்க முடியும்? கொஞ்ச நேரத்தில் நாக்கு அவிழ்ந்ததும் ஓடிப்போய் என்னங்க என்றாள். அவர் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார். நாலைந்து நாள் அந்த வீட்டில் மிக்ஸி மட்டும்தான் பேசியது. அப்புறம் ஒருநாள் அவரே இறங்கி வந்து மாம்பழம் வாங்கிக்கொண்டு வந்தபோது, இதுதான் சமயம் என்று, "அன்னைக்கு நான் பேசாம நின்னேன்ல, அது என்னன்னா" என்று ஆரம்பித்தாள். "அத விடு. நானே மறந்துட்டேன், நீயும் மறந்துடு" என்றார். என்ன பெருந்தன்மை! மன்னித்துவிட்டாராம். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பும் வாங்கி, மாம்பழமும் தின்று, அதற்குமேல் எப்படி எடுத்துச் சொல்வது? அதை எந்த கிளாஸிலும் தான் நடத்தியதில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

மேலே சுற்றிக்கொண்டிருந்தது கடகடவென்று சத்தம் போட்டது. அதை அண்ணாந்து பார்த்தாள். அதற்குப் பேர்... காத்து வருமே, மூணு றெக்கை, சுவரில் அதற்கு ஒரு திருகு இருக்குமே. வரவில்லை. வந்துடு, வந்துடு, என் கண்ணுல்ல. ஃபேன். ஃபேன்! ஃபேனேதான். யாருக்குத்தான் ஒரு வார்த்தை மறக்காது என்று மூச்சு விட்டாள், ஆனால் பயம் பிடித்துக்கொண்டது. ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். பெஞ்சு. தண்ணீர் கேன். காலண்டர். செருப்பு. அந்தக் கிழவர் கையில் ஊன்றுகோல். எதிர்ப் பெண் கழுத்தில் இருப்பது கருகமணி. சுவரில் எழுதியிருப்பது, அமைதி காக்கவும். நல்லா காத்தாச்சு போ. இப்படியே ஒவ்வொரு வீட்டுச் சாமானாகப் பேர் சொல்லிக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது? புதுக்கோட்டையில் பெரியண்ணன் கட்டிலில் கிடக்கிறார். சிரித்தால் வாய் ஒரு பக்கமாகத்தான் போகும். அவருக்கு மிஞ்சியிருப்பது ஒரே வார்த்தை, ஆமா. பசித்தாலும் ஆமா, வலித்தாலும் ஆமா, மின்சாரம் போனாலும் ஆமா. மீதிப் பேச்செல்லாம் அண்ணிதான். உங்கண்ணனுக்கு இப்பல்லாம் கஞ்சிதான் ரொம்பப் பிடிக்குது என்பாள், அண்ணன் கண் அங்கேயும் இங்கேயும் அலையும், அந்த ஆள் ஜென்மத்தில் கஞ்சியைத் தொட்டதில்லை. அண்ணனுக்கு வந்ததற்கு ஒரு பேர் இருக்கிறது. இத்தனை நாளாக அந்தப் பேரை மட்டும் அவள் மனசுக்குள்ளேகூடச் சொல்லவில்லை. சுற்றிச் சுற்றி வருகிறாள், களைப்பு என்கிறாள், மரத்துப்போகுது என்கிறாள், வளைகாப்பு, கால் வீக்கம், எண்ணெய். அடச்சே! அந்த வளைகாப்புக்காரனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? சொல்லத் தெரியாமல் இல்லை, நினைக்கவே பயம், அதனால்தான் வாக்கியம் நிற்க மாட்டேன் என்கிறது. பயம்தான். பயந்து சாகிறேன், அதைச் சொல்லிவிட்டுப் போகிறேன். டாக்டர், எனக்குப் பக்கவாதம் வருதோன்னு பயமா இருக்கு. பேச்சு நின்னுபோகுது, வலது கை விழுந்துடுது. எங்கண்ணனுக்கு வந்திருக்கு. தலையைச் சாய்த்து அதைப் பார்த்தாள். ஒரு சொல் அதிகமும் இல்லை, ஒரு சொல் குறைவும் இல்லை. இத்தனை வருஷத்தில் இவ்வளவு சுத்தமாக எதையும் அவள் சொன்னதில்லை. இனிமேல் யார் வந்தாலும் இதை மாற்றப்போவதில்லை.

குணசீலன் போனை வைத்தார். "என்னங்க" என்றாள். "ம்." "உள்ள போனதும் நானே பேசிக்கறேன்." "பேசேன், யாரு வேணாங்கறா?" என்றார். உடனே, "ஆனா ஒண்ணு, டாக்டர்கிட்டல்லாம் வளவளன்னு பேசக்கூடாது. சுருக்கமா சொல்லணும். கேஸ் ட்ரபிள், தூக்கம் இல்ல, பிரஷர் பாக்கணும், முடிஞ்சுது. நான் சொல்லிடறேன், நீ டென்ஷன் ஆவாத" என்றார். சுருக்கமாகச் சொல்லணுமாம். அவளுக்கு! சுர்ரென்று ஏறியது. "எனக்கு கேஸ் ட்ரபிள்னு யாரு சொன்னா?" "பின்ன? நெஞ்சக் கரிக்குதுன்னு நீதானே சொன்னே." "அது தீபாவளிக்கு." "அதேதான் இழுத்துக்கிட்டு வருது" என்றார், ஏதோ கண்டுபிடித்துவிட்ட திருப்தியோடு. இதுதான் இவரிடம் உள்ள தொல்லை. கெட்டவரா என்றால் இல்லவே இல்லை. உடம்பு சரியில்லை, டாக்டர்கிட்ட போகணும் என்று சொன்ன மாத்திரத்தில் கடையை இழுத்து மூடிவிட்டு வந்திருக்கிறார். அவளுக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரி பூரா எழுந்து எழுந்து நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற ஆள்தான். கேட்கத் தெரியாது, அவ்வளவுதான். வாயைத் திறப்பதற்குள் இவருக்குக் காரணம் கிடைத்துவிடுகிறது, கிடைத்த காரணத்தை விடவே மாட்டார். இங்கேயே, இப்போதே சொல்லிவிடுவோமா? என்னங்க, எனக்குப் பக்கவாதம் வருதோன்னு பயமா இருக்கு. வாய்வரைக்கும் வந்தது. எதிர்ப் பெண்ணின் மாமியார் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் நர்ஸ் எட்டிப் பார்த்து, "குணசீலன் சார், நீங்க வாங்க" என்றாள். நோயாளி பேர் குணசீலன் என்றே எழுதி வைத்திருக்கிறார்கள் போல.

உள்ளே நினைத்தது நினைத்தபடியே. குஷன் நாற்காலி அவருக்கு, ஸ்டூல் இவளுக்கு. "வாங்க வாங்க, உங்களத்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார் டாக்டர் அருளானந்தம், "நீங்க போட்டுக்குடுத்த மோட்டார் காலையிலேர்ந்து உர்ருங்குதே ஒழிய தண்ணி ஏத்த மாட்டேங்குது." குணசீலனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "கெப்பாசிட்டரா இருக்கும் டாக்டர், நம்ம பையன நாளைக்கே அனுப்பறேன்." "காயில் போயிருக்குமோன்னு பயந்துட்டேன்." "சான்ஸே இல்ல, வோல்ட்டேஜ் பாத்தீங்களா?" பேசிக்கொண்டே டாக்டர் இவள் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார், வோல்ட்டேஜ் கதை போய்க்கொண்டே இருந்தது, பட்டை இறுகியது, தளர்ந்தது. கொஞ்சம் கூடுதலாத்தான் இருக்கு என்று அவரைப் பார்த்துச் சொன்னார். "என்ன பண்ணுதாம்?" பண்ணுதாம்! நான் என்ன பக்கத்து ஊரிலா இருக்கிறேன்? ரெண்டு முழத்தில் உட்கார்ந்திருக்கிறேன் ஐயா. குணசீலன் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு தொடங்கிவிட்டார். கேஸ் ட்ரபிள் டாக்டர், சரியா தூக்கம் கிடையாது, வேலையில டென்ஷன், வேணாம் விட்டுடுன்னாலும் கேக்க மாட்டேங்கறா, பொண்ணு வேற ஊர்ல இருக்கா பாருங்க, அந்த நெனப்பு. அத்தனையும் அக்கறையாகத்தான் சொன்னார், ஒன்றுகூட விஷயமில்லை. டாக்டர் தலையை ஆட்டியபடி சீட்டில் எழுத ஆரம்பித்துவிட்டார். மாத்திரைப் பேர் ஒன்று, அதற்குக் கீழே இன்னொன்று. அந்தப் பேனா ஓடுகிற ஓட்டத்தைப் பார்க்கப் பார்க்கத் தமயந்திக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அது கடைசியில் கையெழுத்தில் போய் நின்றுவிட்டால் அவ்வளவுதான், எழுந்து வெளியே போகணும், மெடிக்கல் ஷாப்பில் நிற்கணும், வீட்டுக்குப் போய் கேஸ் மாத்திரை முழுங்கணும். அப்புறம் ஒருநாள் ஆமா என்று மட்டும் சொல்லிக்கொண்டு கிடக்கணும். "டாக்டர்!" என்றாள். அவள் நினைத்ததைவிடப் பெரிய சத்தமாக வந்தது. ரெண்டு பேரும் திரும்பினார்கள். பேனா நின்றது. டாக்டர் அருளானந்தம் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, அவளையே பார்த்து, "சொல்லுங்கம்மா" என்றார்.

வாக்கியம் இருந்தது. ஒரு எழுத்துக் கலையாமல் அப்படியே இருந்தது, எது முதலில், எது அடுத்தது, எங்கே நிறுத்தணும், எல்லாம். வாயைத் திறந்தாள். முதல் சொல்லைப் பிடித்துத் தள்ளினாள். அது நகரவில்லை. இன்னொரு தடவை தள்ளினாள். ஐயோ, இப்பவா? இப்பப் போயா? நாக்கு எங்கோ தூரத்தில் யார் வீட்டுச் சாமானோ மாதிரி கிடந்தது. தொண்டையில் காற்று மட்டும் வந்து வந்து போனது. வலது கையைத் தூக்கிக் காட்டிவிடலாம் என்று பார்த்தாள், எந்தக் கையைத் தூக்குவது, அதுதான் அங்கே இல்லையே. டாக்டர் காத்திருந்தார். குணசீலன் லேசாகச் சிரித்தார், நாலு பேர் முன்னால் பெண்டாட்டி முறைத்துக்கொள்ளும்போது ஆண்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. "இப்பிடித்தான் டாக்டர்" என்றார். "நான் பேசிட்டேன்ல, கோவம். கோவம் வந்துடுச்சுன்னா வாயத் தெறக்க மாட்டா. வீட்லயும் இதே கதைதான், போன மாசம்கூட கரண்டியப் போட்டுட்டு நாலு நாளு..." இல்லை, இல்லைங்க, கோவமில்லைங்க. மேடம் நிறுத்திக் காட்டுகிறாள் என்று எங்கேயோ பிள்ளைகள் கைதட்டுகிற மாதிரி இருந்தது. கத்தணும் போல இருந்தது, கதறணும் போல இருந்தது, அதற்கும் வாய் வேண்டுமே. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு வீட்டுக்காரர் முகம் கலங்கித் தெரிந்தது. "சார்" என்றார் டாக்டர், குரலே மாறியிருந்தது. "நீங்க கொஞ்சம் பேசாம இருங்க."

டாக்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து வந்தார். ஸ்டூலுக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்து, அவள் வலது கையை எடுத்துத் தூக்கி, விட்டுப் பார்த்தார். வாசல் பக்கம் திரும்பாமலே நர்ஸைக் கூப்பிட்டு, ஆம்புலன்ஸ், உடனே என்றார். அப்புறம் மெதுவாக, அவளிடம், அவளிடம் மட்டும், "அம்மா, நான் பேசறது புரியுதா? பயப்படாதீங்க. என்னப் பாத்து ஒரு தடவை சிரிங்க பாப்போம்" என்றார். சிரிக்கவா? இந்த நேரத்திலா? ஆனாலும் கேட்டது அவளைத்தானே, பக்கத்தில் இருக்கிறவரை இல்லையே. அதற்காகவே சிரித்தாள். நன்றாக, வாய் நிறைய, ரெண்டு பக்கமும் விரியத்தான் சிரித்தாள், அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. சிரித்தபடியே வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். குணசீலன் எழுந்து நின்றிருந்தார். ஃபைலிலிருந்த ரிப்போர்ட்டெல்லாம் நழுவித் தரையில் சிதறிக்கொண்டிருந்தது, அது அவருக்குத் தெரியவில்லை. அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், அதன் ஒரு பக்கத்தையும் மறு பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "தமா" என்றார். அதற்கு மேல் அவருக்கும் பேச்சு வரவில்லை.